லோடரில் வண்டல் அள்ளும்போது பின் டயர் தூக்குகிறது, பிரேக்கும் பிடிக்கவில்லை. என்ன கோளாறு?

நாமக்கல் எருவண்டி:
வணக்கம். என்னுடையது 50 ஹெச்.பி. டிராக்டர், டூ வீல் டிரைவ். மூன்று வருடமாக முன்னால் லோடர் மாட்டிக் கோழிப்பண்ணைகளில் எரு ஏற்றிக் கொடுக்கிறேன். ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

இந்தக் கோடையில் ஏரி வண்டல் எடுக்கத் தாசில்தார் ஆபீஸில் அனுமதி வாங்கியிருந்த நான்கைந்து விவசாயிகள் என்னைக் கூப்பிட்டார்கள். பொக்லைன் வெட்டிக் கரைமேல் குவித்த மண்ணை நான் அள்ளிக் கீழே நிற்கும் டிரெய்லரில் போட வேண்டும். முதல் நாளே வண்டி வேறு மாதிரி ஆகிவிட்டது. பவர் ஸ்டீயரிங் இருந்தும் திருப்பினால் முனகுகிறது. பின்பக்கம் தரையில் நிற்கிற உணர்வே இல்லை. முன் வீல் ஹப்பில் கிரீஸ் கசிகிறது.

போன வியாழக்கிழமை பக்கெட் நிறைய மண்ணோடு கரைச் சரிவில் இறங்கும்போது பிரேக் மிதித்தேன். இடது பின் டயர் ஒரு சாண் தூக்கிவிட்டது. வண்டி அப்படியே சறுக்கிப் போய், பக்கெட் தரையில் ஊன்றியதால்தான் நின்றது. அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

மெக்கானிக் பிரேக்தான் என்று சொல்லி பிளேட் மாற்றினார். 6,500 ரூபாய் போனதுதான் மிச்சம். முன்பு எப்படியோ அப்படியேதான் இருக்கிறது. பிரேக் கோளாறா, ஹைட்ராலிக்கா, வேறு எதுவுமா?

உழவன் கரூர்:
முன்பக்கம் பம்பர் வெயிட் மாட்டிப் பாருங்கள் அண்ணா. ரொட்டவேட்டர் ஓட்டும்போது வண்டி தூக்கினால் நாங்கள் அதைத்தான் மாட்டுவோம். நச்சென்று உட்காரும்.

பட்டறை திருச்செங்கோடு:
தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ரொட்டவேட்டர் பின்னால் தொங்குகிறது, அதனால் முன்பக்கம் தூக்கும், அங்கே வெயிட் சரி. இவருக்குப் பாரம் முன்னால் இருக்கிறது, தூக்குவது பின்பக்கம். ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கிற முன் ஆக்ஸிலில் இன்னும் வெயிட்டா? இப்போது பம்பர் வெயிட் ஏதாவது மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

எருவண்டி, மூன்று விஷயம் சொல்லுங்கள். பக்கெட் எத்தனை கன அடி? லோடர் ஓட்டும்போது பின்னால் என்ன மாட்டியிருக்கிறீர்கள்? பின் டயரில் தண்ணீர் இருக்கிறதா?

முடிந்தால் பக்கத்து எடை மேடைக்குப் போங்கள். முன் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒரு எடை, பின் சக்கரம் மட்டும் நிற்கும்படி ஒரு எடை. காலி பக்கெட்டோடு ஒரு தடவை, மண்ணோடு ஒரு தடவை. எடை போடும்போது பக்கெட் தாழ இருக்கட்டும்.

சூளைக்காரன்:
இவ்வளவு எதற்கு? நாங்கள் செங்கல் மண் அள்ளும்போது இரண்டு பையன்களைப் பின்னால் ஏறி நிற்கச் சொல்வோம். டயர் தூக்காது.

பொள்ளாச்சி தென்னை:
சூளைக்காரரே, இரண்டு பையன்கள் சேர்ந்தால் 120 கிலோ இருப்பார்களா? தூக்கிய டயர் தடாலென்று விழும்போது அவர்கள் எங்கே போய் விழுவார்கள் என்று யோசித்தீர்களா? நேராகப் பின் டயருக்கு அடியில். எங்கள் தோப்பில் மட்கார்டில் உட்கார்ந்து வந்த ஒரு பையனுக்குக் கால் போயிருக்க வேண்டியது, செருப்போடு தப்பினான். அதிலிருந்து வண்டியில் டிரைவரைத் தவிர யாரையும் ஏற்றுவதில்லை.

நாமக்கல் எருவண்டி:
பக்கெட் 12 கன அடி. பின்னால் எதுவும் மாட்டுவதில்லை, திரும்புவதற்கு இடைஞ்சல் என்று கழற்றி வைத்துவிடுவேன். டயரில் தண்ணீர் இல்லை.

இன்று காலை எடை மேடைக்குப் போய் வந்தேன். மேடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், நான்கு தடவை முன்னும் பின்னும் ஏற்றி இறக்கினால் வேறு என்ன செய்வார்.
காலி பக்கெட்: முன் 1,340 கிலோ, பின் 1,230.
பக்கெட் நிறைய ஈர வண்டல்: முன் 2,340, பின் 830.

ஒரு பக்கெட் மண் 600 கிலோ! 300 இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பட்டறை திருச்செங்கோடு:
உங்கள் கோளாறு முழுக்க இந்த நான்கு எண்ணில் இருக்கிறது. பிரேக் பிளேட் பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

மூன்று வருடம் தொந்தரவு இல்லாததற்குக் காரணம் எரு. காய்ந்த கோழி எரு ஒரு கன மீட்டர் சுமார் அரை டன்தான். உங்கள் பக்கெட்டுக்கு 170 கிலோ வரும். ஈர வண்டல் ஒரு கன மீட்டர் ஒன்றேமுக்கால் டன். அதே பக்கெட், அதே வண்டி, மூன்றரை மடங்கு எடை.

இப்போது எண்களைப் பாருங்கள். பக்கெட்டில் 600 கிலோ ஏறியது, ஆனால் முன்பக்கம் கூடியது 1,000. மீதி 400 எங்கிருந்து வந்தது? பின் டயரிலிருந்து. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றத்தைத் தாங்கும் கட்டை மாதிரிதான் முன் ஆக்ஸில், பக்கெட் அதற்கு முன்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. முன்னால் அழுத்த அழுத்தப் பின்பக்கம் மேலே போகும். சமதளத்தில் நின்றபோதே பின்னால் 830தான். சரிவில் மூக்கு கீழே பார்க்க இறங்கி, அதில் பிரேக்கும் மிதித்தால் அந்த 830-லும் பெரும்பகுதி முன்னால் போய்விடும்.

டூ வீல் டிரைவில் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும். தரையை அழுத்தாத டயரை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் வண்டி நிற்காது, டயர்தான் நிற்கும். நீங்கள் சறுக்கியது இதனால்தான். (ஃபோர் வீல் வண்டியாக இருந்து அதைப் போட்டிருந்தால் பிரேக் ஓரளவு முன் சக்கரத்துக்கும் போய்ச் சேரும்.)

ஒரு பக்கம் மட்டும் ஏன் தூக்கியது என்பது அடுத்த கதை. முன் ஆக்ஸில் நடுவில் இருக்கிற ஒரே ஆணியில் (சென்டர் பின்) ஊஞ்சல் மாதிரி ஆடுவது. அதனால் டிராக்டரின் உடம்பு நான்கு காலில் நிற்கவில்லை. இரண்டு பின் டயர், ஒரு சென்டர் பின் என்று முக்காலியாக நிற்கிறது. பாரம் பின்னால் இருந்தால் முக்காலியின் அகலமான பக்கத்தில் இருக்கிறது. முன்னால் போகப் போகக் கூர் முனைக்குப் போகிறது, அங்கே அகலம் கிடையாது. ஒரு டயர் பள்ளத்தில் இறங்கினால் போதும், சாய்ந்துவிடும். பக்கெட்டையும் உயரத் தூக்கியிருந்தால் இன்னும் மோசம். பக்கெட் தரையில் ஊன்றியதால் பிழைத்தீர்கள்.

பொள்ளாச்சி தென்னை:
அப்படியானால் பின் டயரில் தண்ணீர் ஏற்றிவிடலாமே? நான் அதைத்தான் செய்திருக்கிறேன். 14.9-28 டயர் என்றால் ஒன்றுக்கு சுமார் 200 லிட்டர், இரண்டுக்கும் 400 கிலோ. ஜாக்கி போட்டுத் தூக்கி, வால்வு நேர் மேலே வரும்படி சக்கரத்தைச் சுற்றி நிறுத்தி, வால்வு ஊசியை எடுத்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். வால்வு வழியாகத் தண்ணீர் வெளியே வந்தால் முக்கால் பங்கு நிறைந்துவிட்டது, அதோடு நிறுத்திக் காற்று அடிக்க வேண்டும். முழுக்க நிரப்பினால் டயர் கல்லாகிவிடும். வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு கால்சியம் குளோரைடு எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். அது பனியில் தண்ணீர் உறையாமல் இருக்கக் கலப்பது, ரிம்மைத் தின்றுவிடும். நமக்குக் கிணற்றுத் தண்ணீரே போதும்.

பட்டறை திருச்செங்கோடு:
தண்ணீர் நல்லதுதான், ஆனால் இவருக்கு அது பாதி மருந்து. தண்ணீர் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த 400 கிலோ அப்படியே பின்னால் சேரும், பின் 1,230 ஆகும், பிடிமானம் கிடைக்கும். முன்னால்? அதே 2,340. ஒரு கிலோ குறையாது. ஹப் கசிவதும் ஸ்டீயரிங் முனகுவதும் அப்படியே இருக்கும். வீல் வெயிட் மாட்டினாலும் இதே கணக்குதான்.

பின் ஆக்ஸிலைத் தாண்டி வெளியே தொங்குகிற எடைக்குத்தான் முன்பக்கத்தை இறக்கிவைக்கும் சக்தி உண்டு. ஏற்றத்தின் மறுபக்கத்தில் ஆள் நடப்பது மாதிரி. 500 கிலோவை, பின்னால் கலப்பை மாட்டும் லிங்கில் மாட்டினால் பின்னால் 500-க்கு மேல் கூடும், அந்த மிச்சம் முன்பக்கத்திலிருந்து வருவது.

ரொட்டவேட்டரை மாட்டிக்கொண்டே லோடர் ஓட்டுகிறவர்கள் உண்டு, எடைக்கு அது போதும். ஆனால் நீட்டம் அதிகம், கரையில் திரும்பும்போது இடிக்கும். ஒன்பது கொத்துக் கலப்பை எடை போதாது, கொழு வேறு ஆள் காலைக் கிழிக்கும். ஒரு கான்கிரீட் டிரம் ஊற்றிவிடுங்கள்.

நாமக்கல் எருவண்டி:
டிரம் எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். வெல்டிங் ஆள் பக்கத்தில் இருக்கிறார்.

பட்டறை திருச்செங்கோடு:
200 லிட்டர் இரும்பு டிரம். கான்கிரீட் கன மீட்டருக்கு 2,400 கிலோ, ஆக நிரம்பினால் 480. டிரம், இரும்பெல்லாம் சேர்த்து 500 கிலோ.

டிரம்மின் கீழ்ப்பகுதியில் குறுக்கே ஒரு கெட்டி ஷாஃப்ட், இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு. முனைகள் 28 மி.மீ., அதுதான் உங்கள் வண்டியின் கீழ் லிங்க் இரண்டின் முனையில் இருக்கிற துளை உருண்டையில் நுழையும். ஷாஃப்ட் மெலிந்து முனை தொடங்கும் இரண்டு தோளுக்கும் நடுவே 825 மி.மீ. என்னை நம்பாதீர்கள், உங்கள் கலப்பையை அளந்து அதே அளவில் செய்யுங்கள். டாப் லிங்குக்கு இரண்டு கனமான பட்டையை ஷாஃப்ட்டிலேயே வெல்டு வைத்து டிரம்முக்கு மேலே கொண்டுவர வேண்டும். டிரம் தகட்டில் வெல்டு வைத்தால் ஒரு வாரத்தில் கிழிந்து வந்துவிடும். உள்ளே நாலு கம்பியை ஷாஃப்ட்டோடு பிணைத்துவிடுங்கள். ஒன்றரை மூட்டை சிமெண்டுக்குக் குறையாமல் போடுங்கள், முக்கால் இன்ச் ஜல்லி. ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி, இரண்டு வாரமாவது கழித்து மாட்டுங்கள்.

மறக்காமல் ஒன்று: தின்னர், டீசல் இருந்த பழைய டிரம்மில் கேஸ் கட்டிங் வைக்கவே கூடாது. காலியாகத் தெரியும், உள்ளே ஆவி இருக்கும், வெடிக்கும். பட்டறைக்காரனாகச் சொல்கிறேன்.

ஓய்வு டிரைவர்:
தம்பி, டிரம் வருகிறவரைக்கும் வேலையை நிறுத்த மாட்டாய் என்று தெரியும். அதனால் சொல்கிறேன். அரைப் பக்கெட்டுக்கு மேல் அள்ளாதே. பாரத்தோடு சரிவில் மூக்கைக் கீழே வைத்து இறங்காதே. கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். ஏறும்போது முன்னால் ஏறு, இறங்கும்போது ரிவர்ஸில் இறங்கு, லோ கியரில், கிளட்ச்சைத் தொடாமல். பக்கெட் தரையிலிருந்து ஒரு அடி, டிரெய்லர் பக்கத்தில் வந்த பிறகுதான் தூக்கணும். சட்டுத் திருப்பத்துக்காக பிரேக் பெடல் இரண்டையும் பிரித்து வைத்திருப்பாய், அதைச் சேர்த்துக் கொக்கி போடு. சரிவில் ஒற்றை பிரேக் மிதித்தால் வண்டி சுற்றிக்கொள்ளும். கரைக்குக் குறுக்காகப் பாரத்தோடு போகவே போகாதே.

நாமக்கல் எருவண்டி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். டிரம் ஊற்றி மாட்டியாயிற்று. மறுபடி எடை மேடை (இந்தத் தடவை மேடைக்காரரே டீ வாங்கிக் கொடுத்தார்).

முழுப் பக்கெட் வண்டல், டிரம்மோடு: முன் 2,130, பின் 1,540.
அரைப் பக்கெட் வண்டல், டிரம்மோடு: முன் 1,630, பின் 1,740.

500 கிலோ மாட்டினால் பின்னால் 710 கூடி, முன்னால் 210 குறைந்திருக்கிறது. நீங்கள் சொன்னபோது நம்பிக்கை இல்லை, எடைச் சீட்டில் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

முழுப் பக்கெட்டுக்கு முன்பக்கம் இன்னமும் 2,130 இருக்கிறது. முன் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற எடையை டார்ச் அடித்துப் பார்த்தேன், இரண்டு டயருக்கும் சேர்த்தாலும் அவ்வளவு தாங்காது. அதனால் டிரம் வந்த பிறகும் வண்டலுக்கு அரைப் பக்கெட்தான். பக்கெட்டின் உள்பக்கம் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டேன், டிரெய்லர்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். ஹப் சீல் இரண்டும் மாற்றியாயிற்று. ஸ்டீயரிங் ஒரு கையில் திரும்புகிறது. சரிவில் ரிவர்ஸில் இறங்கி வேண்டுமென்றே பிரேக் மிதித்துப் பார்த்தேன், நின்ற இடத்தில் நின்றது.

ஒரே குறை, மேடு பள்ளத்தில் டிரம் இடவலமாக ஆடி டயரில் இடிக்கிற மாதிரி வருகிறது.

பட்டறை திருச்செங்கோடு:
செக் செயினை, அதாவது கீழ் லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கிற சங்கிலியை, இறுக்குங்கள். இரண்டு பக்கமும் சமமாக, விரல் அளவு லூஸ் மட்டும். டிரம்மை மேலே தூக்கி வைத்து ஓட்டுகிறீர்களோ என்று சந்தேகம், அதுவும் ஆட்டத்தைக் கூட்டும். தரையில் தட்டாத அளவுக்கு ஒரு அடி போதும். ராத்திரி நிறுத்தும்போது லிஃப்டில் தொங்கவிட்டுப் போகாதீர்கள், பக்கெட்டையும் டிரம்மையும் தரையில் இறக்கிவிட்டுப் போங்கள்.

நாமக்கல் எருவண்டி:
தூக்கித்தான் வைத்திருந்தேன். நாளைக் காலையில் இறக்கி வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.