நாடகம் எழுதுகிறவருக்கு மட்டும் ஏன் ஸ்பெல்லிங் மாறுகிறது?

கேள்வி:
எங்கள் நாடகக் குழுவின் ஆங்கில நோட்டீஸை டைப் செய்தது நான்தான். ஆசிரியர் பெயருக்குக் கீழே ப்ளேரைட் என்று போட வேண்டும், நாடகத்தை எழுதுகிறவர்தானே என்று கடைசியில் டபிள்யூ-ஆர்-ஐ-டி-ஈ போட்டுவிட்டேன். சிவப்புக் கோடு விழுந்தது, கண்டுகொள்ளவில்லை. 500 நோட்டீஸும் அச்சாகி வந்த பிறகு, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் டபிள்யூ-ஆர்-ஐ-ஜி-ஹெச்-டி என்கிறார். அப்படியென்றால் எழுதுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா?

பதில் 1:
வாத்தியார் சொன்னதுதான் சரி. அந்த ரைட் என்றால் பழைய ஆங்கிலத்தில் வேலை செய்பவர், கைவினைஞர். ஒர்க் என்ற சொல்லோடு பிறந்தது. கப்பல் கட்டுபவர் ஷிப்ரைட், சக்கரம் செய்பவர் வீல்ரைட், அந்த வரிசையில் நாடகம் 'செய்பவர்' ப்ளேரைட். விமானம் ஓட்டிய ரைட் சகோதரர்களின் குடும்பப் பெயரும் இதே சொல்தான். ராட் அயர்ன் (டபிள்யூ-ஆர்-ஓ-யூ-ஜி-ஹெச்-டி) கேட் என்கிறோமே, அந்த ராட்கூட ஒர்க்கின் பழைய இறந்தகால வடிவம். ப்ளேரைட் என்பது முதலில் அவ்வளவு மரியாதையான சொல்லும் இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்து நாடக ஆசிரியர் பென் ஜான்சன் அதைக் கிண்டலுக்குத்தான் பயன்படுத்தினார்.

பதில் 2:
எழுதுகிற ரைட்டின் கதையும் சுவையானதுதான். அதன் ஆதிப்பொருள் கீறுவது. மரத்திலும் கல்லிலும் ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்துகளைக் கீறிய காலத்துச் சொல். கிழிப்பதற்கு ஜெர்மன்காரர்கள் சொல்லும் ரைசன் இதன் உறவு. எழுதுவதற்கு அவர்கள் லத்தீனிலிருந்து ஷ்ரைபனை வாங்கிக்கொண்டார்கள், ஆங்கிலேயர்கள் பழைய சொல்லையே வைத்துக்கொண்டார்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முன்னால் நிற்கும் டபிள்யூவை ஒரு காலத்தில் உச்சரித்தார்கள், பேச்சில் தேய்ந்துவிட்டது, எழுத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோர்ட்டில் போடும் ரிட் மனுவின் ரிட்டும் இதே வேர்தான், எழுதப்பட்டது என்று பொருள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. அப்புறம் காப்பிரைட்?

பதில் 1:
அது உரிமை என்கிற ரைட், டபிள்யூவே கிடையாது. ஆனால் விளம்பர வாசகம் எழுதும் காப்பிரைட்டருக்கு டபிள்யூ உண்டு, அவர் நிஜமாகவே எழுதுகிறவர். நோட்டீஸைத் திரும்ப அடிக்க வேண்டாம், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் சின்ன ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஒட்டிக்கொண்டிருக்கிறேன். 140 முடிந்தது.