கல்லடி வீட்டுக் குழு: ரமணனின் ஆறு டின்

ரூபி அக்கா: வெள்ளி குடிபூரல். காலை ஆறரைக்குப் பால் காய்ச்ச வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர்? இன்றைக்குள் சொல்லுங்கள்.

கல்லடி மாமா: 60. மறுகா, இரவைக்கு நம்ம ஆட்களுக்கு என்ன?

சின்னம்மா: பால் காய்ச்சுற நாளில் அந்தக் கதை வேண்டாம்.

குமார்: வெள்ளி போயா, பௌர்ணமி. சாராயக் கடை பூட்டு.

கல்லடி மாமா: வியாழனே வாங்கினால் சரி.

ரமணன் மொன்றியல்: மாமா, எனக்கு வாங்க வேண்டாம். ஆறு டின் கொண்டு வருகிறேன். குளுட்டன்பேர்க், எங்கள் ஊர்ப் பியர். பார்லியும் கோதுமையும் இல்லை, அதாவது எனக்கு ஒத்துக்கொள்ளாத குளுட்டன் என்ற புரதம் இல்லை. தினை வகைத் தானியம், பக்வீட், சோளன். 2012 உலக பியர் கிண்ணத்தில் குளுட்டன் இல்லாத பிரிவின் மூன்று பதக்கமும் இவர்களுக்குத்தான்.

கல்லடி மாமா: சோளனா? கோழித்தீன்.

ரூபி அக்கா: எத்தனை பேர்?

ரமணன் மொன்றியல்: இறுங்கு என்ற தானியத்தில் செய்வதும் உண்டு, அதில் ஒரு கூர்மையான புளிப்பு நிற்கும். இது வறுத்த கச்சான் வாசம். ஐஸ் மாதிரிக் குளிர வைத்தால் ஒன்றும் தெரியாது. கிளாசில் ஊற்றி முதலில் மணந்து பாருங்கள். நுரை சீக்கிரம் அடங்கினாலும் பழுது இல்லை. பார்லியில் செய்து நொதியம் போட்டுக் குளுட்டனை உடைக்கிற வகையும் இருக்கிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டாவிட்டால் பிரிட்டனில் அதற்குக் குளுட்டன் இல்லை என்று லேபல் ஒட்டலாம், அமெரிக்காவில் முடியாது. நான் அதைத் தொடுவதில்லை. ஒன்று, லயன் பியர் ஊற்றின கிளாசில் எனக்கு ஊற்ற வேண்டாம்.

குமார்: 👍

கல்லடி மாமா: ஒரு வாய் பட்டால் செத்தா போவாய்?

சின்னம்மா: வினோ கலியாணத்தில் பிள்ளை மூன்று நாள் எழும்பவில்லை.

கல்லடி மாமா: ஃபிரைட் ரைசுக்கு கோதுமை கலந்த சோயா சோஸ் ஊற்றினது நானா?

சின்னம்மா: ஒண்டும் செய்யாது, சாப்பிடு மனே என்று சொன்னது ஆர்?

ரூபி அக்கா: இனி வேலிக் கதையும் வரும். நிறுத்துங்கள்.

குமார்: கள்ளில் இருக்கா?

ரமணன் மொன்றியல்: இல்லை. தென்னஞ்சாராயத்திலும் இல்லை.

கல்லடி மாமா: அடேய், இவ்வளவு காலமும் சோடாப் போத்தலோடு குந்தியிருந்தியே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ரமணன் மொன்றியல்: சொன்னேன் மாமா. நீங்கள் அப்போது பாடிக்கொண்டிருந்தீர்கள்.

குமார்: 😂😂

ரூபி அக்கா: தம்பி, சாம்பாருக்குப் பெருங்காயம் போடலாமா?

ரமணன் மொன்றியல்: டப்பாவைப் பாருங்கள் அக்கா. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா கலந்திருக்கும்.

சின்னம்மா: ஐயோ. போன முறையும் அதைத்தானே போட்டேன்.

கல்லடி மாமா: ஆறில் எனக்கு எத்தனை?

ரமணன் மொன்றியல்: ஒன்று. மணந்து பார்த்துக் குடித்தால் இரண்டு.

குமார்: எங்கே குந்துவது? மாடியிலா, கடற்கரையிலா?

சின்னம்மா: எங்கேயும் இல்லை.

கல்லடி மாமா: மாடி.

ரூபி அக்கா: சமையல்காரருக்கு 62 என்று சொல்லட்டா?

ரூபி அக்கா: ??