ட்யூபுலர் பெல்ஸ்: மொத தடவ கேட்டப்ப உங்களுக்கு என்ன ஆச்சு?

ராத்திரி பஸ்:
ரெண்டு வருஷமா மண்டைக்குள்ளயே சுத்துது, எழுதிடறேன். சேலம் டு பெங்களூரு நைட் பஸ், ஃப்ரெண்ட் அனுப்பின இந்த மைக் ஓல்ட்ஃபீல்ட் ஆல்பம், மொத சைடு 25 நிமிஷமும் ஒரே இன்ஸ்ட்ருமெண்டல் பீஸ்னு மட்டும் தெரியும். அது முடியப்போற நேரத்துல ஒரு பேஸ் கிட்டார் லைன் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது, அது மேல ஒரு ஆளு கல்யாண வீட்டுல மைக்ல மொய் வாசிக்கிற மாதிரி வாத்தியம் வாத்தியமா பேர் சொல்றாரு, கிராண்ட் பியானோங்கறாரு பியானோ வருது, மாண்டலின்ங்கறாரு மாண்டலின் வருது, எனக்கு புல்லரிச்சுப் போச்சு, "ப்ளஸ்..."னு இழுக்கறாரு, கண்டக்டர் தோள்ல தட்டி ஹெட்ஃபோன புடுங்கிட்டாரு. "ஓசூர் யாருப்பா, எறங்கு." நான் ஓசூரே இல்ல! திரும்ப மாட்டறதுக்குள்ள அவரு கடைசியா சொல்ற ட்யூபுலர் பெல்ஸ், அதான் ஆல்பம் பேர்ல இருக்கற குழாய் மணி, அடிச்சே முடிஞ்சிருச்சு.

கறுப்பு டேப்:
எக்ஸார்சிஸ்ட் படத்து மியூசிக் தானே இது? ஹாஸ்டல்ல ஒருத்தன் ரிங்டோனா வச்சிருந்தான், நடுராத்திரி அடிச்சா நாலு ரூம்ல லைட் எரியும். பேய்ப் படத்துக்குன்னே போட்டது, வேற எதுக்கும் செட் ஆகாது.

ஓமத்தண்ணி:
படத்துக்குப் போட்டது இல்லங்க. ஆல்பம் 1973 மே, படம் அந்த வருஷம் டிசம்பர். ஆரம்ப பியானோவ மட்டும் எடுத்துக்கிட்டாங்க. 7ம் 8மா 15 எண்ணிக்கைல போகும், தாளம் போட்டுப் பாருங்க, படியில கால் தடுக்கின மாதிரி இருக்கும், பயம் அங்கேந்துதான் வருது. என் கதை ரெண்டாவது சைடு. ஸ்பீக்கர்ல சத்தமா வச்சிருந்தேன், திடீர்னு ஒருத்தன் குகைக்குள்ளேந்து உறுமறான் பாருங்க, அம்மா நான்தான் வாந்தி எடுக்கறேன்னு நெனச்சு ஓமத்தண்ணியோட ஓடி வந்துட்டாங்க. குடிச்சுட்டேன், என்ன பண்றது.

கறுப்பு டேப்:
ஒருத்தன் மொய் வாசிக்கறான், ஒருத்தன் உறுமறான், இதுக்குப் பேரு இன்ஸ்ட்ருமெண்டலா?

வால்வு ஆம்ப்:
பாட்டு வரி இல்லல்ல, விடுங்க. நம்ம கதை சின்னது, 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவுல ஓல்ட்ஃபீல்டே வந்து வாசிச்சப்ப டிவி முன்னாடி எழுந்து நின்னுட்டேன், வீட்டம்மா "தேசிய கீதமா?"ன்னாங்க. ஆனா ராத்திரி பஸ் தம்பி, தப்பு உங்க பேர்ல. இத பஸ்லயா கேப்பாங்க? வீட்டுல, கதவ சாத்திட்டு, நல்ல ஹெட்ஃபோன்ல கேக்கணும், ஷஃபிள் போடக்கூடாது, நடுவுல போன் எடுக்கக்கூடாது. 19 வயசுப் பையன் கிட்டத்தட்ட எல்லா வாத்தியத்தையும் தானே வாசிச்சு டேப் மேல டேப்பா அடுக்கினது அது. டபுள் ஸ்பீடு கிட்டார்னு அந்த மொய் வாசிக்கிற ஆளு சொல்றாரே, டேப்ப பாதி வேகத்துல ஓடவிட்டு வாசிச்சு அப்புறம் முழு வேகத்துல ஓட்டினா வர்ற சத்தம், பஸ் எஞ்சின் எறச்சல்ல அதுல என்ன காதுல விழும்? எல்பி ரெக்கார்டு அட்டை பின்னாடியே போட்டிருக்கான், பழைய தகர டப்பால இத வாசிக்க முடியாது, உங்ககிட்ட அப்படி ஒண்ணு இருந்தா பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருங்கன்னு. ஓமத்தண்ணி, உங்க ஸ்பீக்கரையும் சேத்துத்தான் சொல்றேன். ஆம்ப்ளிஃபையர் எது வாங்கலாம்னு கேட்டீங்கன்னா

ஓமத்தண்ணி:
யாரும் கேக்கல சார்.

ராத்திரி பஸ்:
வீட்டுல கதவ சாத்திட்டும் கேட்டாச்சுண்ணே, பத்து தடவைக்கு மேல. மணி பிரமாதமாத்தான் இருக்கு. ஆனா "ப்ளஸ்"னு வந்ததும் தோள் தானா குறுகிக்குது.