ரிசல்ட் வருவதற்குள்: ஜே.ஆர்.எஃப். காத்திருப்பு அனுபவங்களைப் பகிருங்கள்

வேதியியல் தம்பி, கோவை

ஆன்சர் கீ வந்து மூன்று வாரம் ஆகிறது, ரிசல்ட் இன்னும் வரவில்லை. சி.எஸ்.ஐ.ஆர். நெட் (அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வு), வேதியியல். ஆய்வு செய்ய மாதாமாதம் உதவித்தொகை தரும் ஜே.ஆர்.எஃப்.தான் குறி. தப்பான விடைக்கு மைனஸ் உண்டு என்பதால் ஒவ்வொரு முறை கூட்டும்போதும் ஒரு மொத்தம் வருகிறது, நேற்று ராத்திரி மட்டும் நான்கு தடவை கூட்டினேன். போன முறை கட்-ஆஃபை வைத்துப் பார்த்தால் விளிம்பில் நிற்கிறேன். இதற்கு நடுவில் ஒரு பேராசிரியர் தன் புராஜெக்டில் சேரச் சொல்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். சேர்வதா, காத்திருப்பதா? வீட்டில் கேட்டால் "உனக்குத் தெரியாததா" என்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இதைக் கடந்து வந்த அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள்.

திருச்சிக்காரன்

சேர்ந்துவிடுங்கள் தம்பி. ஜே.ஆர்.எஃப். வந்தால் மாறிக்கொள்வேன் என்று சாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கும் இது புதிதல்ல. சும்மா வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் ஆளைக் கொல்லும். நான் எழுதியது யு.ஜி.சி. நெட், கலை, மொழிப் பாடங்களுக்கான அதே மாதிரித் தேர்வு. எங்கள் பாடத்துக்கு 2025 ஜனவரி 15 என்று தேதி போட்டிருந்தார்கள், மாட்டுப் பொங்கல் அன்று. 13ஆம் தேதிதான் தள்ளிவைத்ததாக அறிவிப்பு வந்தது. பொங்கலும் போச்சு, படிப்பும் போச்சு என்று இருந்தேன், ஆனால் ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்ததில் எல்லோருக்கும் பொதுவான முதல் தாளைத் திரும்ப ஒருமுறை பார்க்க முடிந்தது. ரிசல்ட் வரும்வரை அண்ணன் கடையில் போய் உட்கார்ந்தேன். கையில் வேலை இருந்த நாட்களில்தான் தூக்கம் வந்தது.

தமிழ்த்துறை, மதுரை

தம்பி, நான் காத்திருந்தது ஒரு தடவை இல்லை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

யு.ஜி.சி. நெட், தமிழ்ப் பாடம். 2024 ஜூன் 18 அன்று எழுதினேன். அந்த முறை கணினி கிடையாது, ஓ.எம்.ஆர். தாள்தான். நன்றாக எழுதியிருந்தேன், பஸ்ஸில் வரும்போதே அம்மாவுக்குப் போன் போட்டு "இந்தத் தடவை கிடைச்சிரும்மா" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ராத்திரி தட்டில் சோற்றோடு உட்கார்ந்திருந்தபோது தோழியிடமிருந்து செய்தி: தேர்வு ரத்து. ஒன்பது லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வு. வினாத்தாள் வெளியானதாகச் சுற்றிய ஸ்கிரீன்ஷாட் திருத்தப்பட்டது என்று பிறகு சி.பி.ஐ. விசாரணையில் தெரியவந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமலே படுத்துக்கொண்டேன்.

மறுதேர்வு ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 4 வரை நடந்தது. அப்புறம் ஆன்சர் கீ. 150 கேள்வி, 300 மதிப்பெண், எங்களுக்கு மைனஸ் கிடையாது, அதனால் மொத்தம் ஒரே தடவையில் தெரிந்துவிடும். தெரிந்தும் பயனில்லை என்பதுதான் இதில் கொடுமை. நம் மதிப்பெண் கையில் இருக்கும், கட்-ஆஃப் எங்கே நிற்கும் என்பது ரிசல்ட் அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு இலக்கணக் கேள்விகளுக்குக் கீ தப்பு என்று எனக்கு உறுதியாகப் பட்டது. ஆட்சேபம் தெரிவிக்க ஒரு கேள்விக்கு 200 ரூபாய் வீதம் 400 ரூபாய் கட்டி, நூற்பா இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்தேன். அப்போது ஒரு தனியார் கல்லூரியில் 14,000 ரூபாய் சம்பளம், அதில் 400 சின்னத் தொகை இல்லை. ஜே.ஆர்.எஃப். என்றால் மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000. அப்பா தையல் மெஷினை விட்டு எழுந்து கண் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். என் மனதில் ஓடியதெல்லாம் அந்தக் கணக்குதான், பட்டம்கூட இல்லை.

அக்டோபர் 17 ரிசல்ட் வந்தது. விண்ணப்ப எண் எனக்கு மனப்பாடம், ஆனால் பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டேன், கை அப்படி நடுங்கியது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்திருந்தது. ஜே.ஆர்.எஃப். நான்கு மதிப்பெண்ணில் போயிருந்தது. எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள், எனக்கு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. இதை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் பாதி கிடைத்தவர்களின் வருத்தத்தை யாரும் கேட்பதில்லை.

சரி, திரும்ப எழுதினேன், டிசம்பர் 2024க்கான தேர்வு, ஜனவரியில் நடந்தது. இந்த முறை காத்திருக்கும்போது ஒன்று மட்டும் மாற்றினேன். கிடைத்தால் செய்யலாம் என்று வைத்திருந்த ஆய்வை, கிடைப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டேன். என் தலைப்பு ஒப்பாரிப் பாடல்கள். சனிக்கிழமை தோறும் உசிலம்பட்டிப் பக்கம் போய்ப் பாட்டிகளைப் பாடச் சொல்லிப் போனில் பதிவு செய்வேன். முதலில் "சாவு வீடில்லாம எப்படி ஆத்தா பாடுறது" என்று மறுத்தார்கள். நாலைந்து வாரம் போன பிறகு ஒரு பாட்டி, செத்துப்போன தன் தங்கச்சியை நினைத்துத் தானாகவே எடுத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது, பதிவு நின்றுவிட்டது. 2025 பிப்ரவரி 22. தோழிதான், என் எண்ணைப் போட்டு அவளே பார்த்திருக்கிறாள். ஜே.ஆர்.எஃப். என்றாள், எனக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே "என்னத்தா, நல்ல சேதியா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப இன்னிக்கி இது வேணாம், நாளைக்கி வா" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார்.