தானா சரியாகுற சர்வர்: உங்க அனுபவம் என்ன?

சோழிங்கநல்லூர்ல ஒரு கம்பெனியில சர்வர் பராமரிப்பு டீம்ல இருக்கேன். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்னைக்கு எங்க ஆளுங்க பாதிப் பேர் வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் மாட்டிக்கிட்டாங்க. கரண்ட் இல்ல, டவர் இல்ல. அன்னைக்குன்னு பார்த்து மும்பையில ஓடுற எங்க மெஷின் ஒண்ணு படுத்துடுச்சு. எந்த சர்வீஸ் எந்த மெஷின்ல ஓடணும்னு பாத்துக்குற குபெர்னெட்டீஸ் சாஃப்ட்வேர் ஒரு அஞ்சு நிமிஷம் போலப் பொறுத்துப் பார்த்துட்டு, அதுல ஓடின சர்வீஸ் எல்லாத்தையும் வேற மெஷின்ல எழுப்பிவிட்டுடுச்சு. நெட் திரும்பி, லாக் பார்த்தப்பதான் எங்களுக்கே விஷயம் தெரியும். மூச்சு, இதயத்துடிப்பு மாதிரி, நாம நினைக்காமலே கம்ப்யூட்டர் தன்னைப் பாத்துக்கணும்னு ஐபிஎம் 2001ல சொன்னது இதைத்தான். மனசு நிறைஞ்சு போச்சு.

ஆனா நான் எழுத வந்தது அதுக்கப்புறம் நடந்ததை. பில்லிங் சர்வீஸ் ஒண்ணு மெமரியைத் தின்னுக்கிட்டே இருந்திருக்கு. அளவு தாண்டினா சிஸ்டமே அதைக் கொன்னுட்டு மறுபடி கிளப்பிடும். டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. எங்க சீனியர் அக்கா வேற எதுக்கோ பாட் லிஸ்டை, அதாவது ஓடுற சர்வீஸ் நகல்களோட பட்டியலை எடுத்தாங்க. ரீஸ்டார்ட் எண்ணிக்கை மூணு இலக்கத்துல நிக்குது, கடைசி எக்ஸிட் கோடு 137, அதாவது தானா முடியல, வலுக்கட்டாயமா கொன்னிருக்கு. "இது ஓடலப்பா, செத்துச் செத்துப் பொழைக்குது"ன்னாங்க. ஒவ்வொரு தடவை சாகுறப்பவும் நடுவுல இருந்த பில் அறுந்திருக்கு. ஜனங்க திரும்ப அமுக்கி, சிலருக்கு ரெண்டு தடவை பணம் போயிருக்கு.

ராத்திரி ஒருத்தர் எழுந்து சரிபண்ணியிருந்தா, காலையில மேனேஜர் காரணம் கேட்டிருப்பார். தானா சரியானதால யாரும் கேக்கல. இப்ப ரீஸ்டார்ட் ஆனாலே டிக்கெட் (பிரச்சனைப் பதிவு) விழுது. காரணம் எழுதாம அதை மூட முடியாது.

பதில்: அண்ணா, தரமணியில நான் முன்னாடி இருந்த இடத்துலயும் இதே கதை, வேலை ஏறினா சர்வீஸோட நகலைத் தானா கூட்டுற ஆட்டோஸ்கேலர்ல. யாரோ ஸ்கிரிப்ட் போட்டு லாகின் பக்கத்தைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. வர்றது வாடிக்கையாளரா திருடனான்னு அதுக்கென்ன தெரியும்? சிபியு ஏறுச்சு, நகலைக் கூட்டுச்சு. உச்சவரம்பை ரொம்ப உயரத்துல வச்சிருந்தாங்க. சைட் ஒரு நொடி கூடத் தடுமாறல, அதனாலயே மாசக் கடைசியில கிளவுட் பில் வர்ற வரைக்கும் தாக்குதல் நடந்ததே யாருக்கும் தெரியல. அதுக்கப்புறம் வரம்புல பாதியைத் தொட்டாலே ஆன்-கால் ஆளுக்கு (அவசரம்னா எழுந்து பாக்குறவர்) போன் போற மாதிரி மாத்தினாங்க.