பயன் இருப்பதாலேயே ஒன்று தேவை என்று ஆகிவிடுமா? செயல்பாட்டுவாதம் பற்றி ஒரு சந்தேகம்

முதலாண்டு_மாணவி:
சமூகவியலாளர்கள் டேவிஸ், மூர் இருவரும் 1945இல் எழுதிய அடுக்கமைவுக் கட்டுரையில் (சமூகத்தில் மேல், கீழ் என அடுக்குகள் இருப்பது பற்றியது) மாட்டிக்கொண்டு நிற்கிறேன். முக்கியமான வேலைகளுக்குத் திறமைசாலிகள் வேண்டும், அவர்கள் பல வருடம் பயிற்சி எடுக்க வேண்டும், அந்தச் சிரமத்துக்கு ஈடாகக் கூடுதல் வருமானமும் மதிப்பும் கிடைத்தால்தான் வருவார்கள், ஆகவே ஏற்றத்தாழ்வு எல்லாச் சமூகத்துக்கும் தேவை என்கிறார்கள். படிக்கும்போது சரியாகத்தான் படுகிறது, ஆனால் எங்கேயோ இடிக்கிறது. சமூகத்தில் ஒன்று என்ன பயன் தருகிறது என்பதை வைத்தே அதை விளக்கும் செயல்பாட்டுவாதம் முழுக்கவே இப்படித்தானா?

கோணல்கோடு:
ஒரு வேலை எவ்வளவு முக்கியம் என்பதை எதை வைத்து அளக்கிறார்கள் என்று பாருங்கள். முக்கியம் என்பதால் அதிகச் சம்பளம், எப்படித் தெரியும் என்றால் அதிகச் சம்பளம் தருகிறார்களே! டியூமின் என்ற சமூகவியலாளர் 1953இலேயே இதைப் பிடித்துவிட்டார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு: பயிற்சிக்கான வாய்ப்பே பெற்றோரின் வசதியைப் பொறுத்தது என்னும்போது, ஏற்றத்தாழ்வு திறமையைத் தேடிக் கொண்டுவருவதில்லை, பாதியை வெளிச்சத்துக்கே வரவிடாமல் அமுக்கிவிடுகிறது.

பழைய_வாசகர்:
அதற்காக மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டாம். ஒன்று எப்படித் தோன்றியது என்பது வேறு, அது என்ன வேலை செய்கிறது என்பது வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள் என்று சமூகவியலின் முன்னோடி துர்கைம் 1895லேயே எழுதிவிட்டார் (பின்னால் வந்த பலர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள் போல). 1949இல் சமூகவியலாளர் மெர்ட்டன் இன்னும் தெளிவாகப் பிரித்தார். அமெரிக்கப் பழங்குடிகளான ஹோப்பி மக்களின் மழைச் சடங்கையே எடுங்கள். மழை வருகிறதோ இல்லையோ, சிதறிக் கிடப்பவர்கள் ஒன்றுகூடுகிறார்கள், குழு உணர்வு வலுப்படுகிறது. இது மறைமுகச் செயல்பாடு, அதாவது யாரும் எண்ணிச் செய்யாமலேயே விளையும் பயன். ஆனால் அந்தச் சடங்கு ஏன் தொடங்கியது என்பதற்கு இது விடையாகாது, யாரும் குழு உணர்வுக்காக ஆடவில்லை. பயன்தான் காரணம் என்று சொல்ல வேண்டுமானால், அந்தப் பயன் திரும்ப வந்து அந்த வழக்கத்தை எப்படித் தாங்கிப் பிடிக்கிறது என்று காட்டியாக வேண்டும். பெரும்பாலோர் அதைக் காட்டுவதே இல்லை.

முதலாண்டு_மாணவி:
அப்படியானால் வறுமைக்குக்கூடச் செயல்பாடு இருக்கிறது என்று சொல்லிவிடலாமே?

கோணல்கோடு:
சொன்னார்கள்! கான்ஸ் என்ற சமூகவியலாளர் 1972இல் பட்டியலே போட்டார்: யாரும் செய்ய விரும்பாத வேலைகள் குறைந்த கூலிக்கு நடக்கின்றன, மற்றவர்கள் ஒதுக்கிய பழைய பொருள்கள் விற்கின்றன, ஏழைகளைக் கவனிக்கவும் கண்காணிக்கவும் ஒரு கூட்டத்துக்கு வேலை கிடைக்கிறது. படித்தால் கிண்டலா நிஜமா என்றே தோன்றும். ஆனால் வறுமை தேவை என்று அவர் முடிக்கவில்லை. இவற்றில் பலவற்றுக்கு மாற்றுவழி உண்டு, அதற்கான செலவு வசதி உள்ளவர்கள் தலையில் விழும், அதனால்தான் நடப்பதில்லை என்கிறார்.

பழைய_வாசகர்:
ஆமாம், யாருக்குப் பயன், யாருக்குக் கேடு, வேறு வழி உண்டா என்பதெல்லாம் மெர்ட்டனே கேட்கச் சொன்னவைதான். இதே கேள்விகளோடு டேவிஸ்–மூரை ஒருமுறை திருப்பிப் படியுங்கள், இடிக்கும் இடம் தானாகத் தெரியும். இன்னொரு செயல்பாட்டுவாதியான பார்சன்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அவர் எழுத்து வேறு ஒரு தலைவலி.