லீட்ஸ், கார்க், டோக்கியோ: ‘முடியாது’ என்று யாரும் சொல்லாத ஊர்களில் வேலை பார்ப்பது எப்படி

பிரிட்டன், அயர்லாந்து, ஜப்பான் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “இவர்கள் மனத்தில் இருப்பதை வெளியே சொல்வதே இல்லையே, எப்படிப் புரிந்துகொள்வது?” பிரிட்டனின் லீட்ஸில் நான்கு ஆண்டுகள், அயர்லாந்தின் கார்க்கில் மூன்று ஆண்டுகள், இப்போது டோக்கியோவில் ஆறாவது ஆண்டு என்று மென்பொருள் வேலையிலேயே காலத்தைக் கழித்துவிட்ட எனக்கு, அந்தக் கேள்வியே சற்றுக் கோணலாகப் படுகிறது. அவர்கள் சொல்லத்தான் செய்கிறார்கள். நாம் காதைத் தீட்டி வைத்திருக்கும் இடத்தில் சொல்வதில்லை, அவ்வளவுதான். நாமும் அப்படித்தானே? கல்யாணப் பத்திரிகையை நீட்டியவரிடம் “பார்க்கலாம்ங்க” என்று நாம் இழுத்தால், வரப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மறுப்பை மறைத்துப் பேசுவது நமக்குப் புதிதன்று. அந்த ஊர்க்காரர்கள் எதைக் காப்பாற்றுவதற்காக மறைக்கிறார்கள் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

அதற்குள் போகுமுன், மூன்று நாடுகளிலும் உதவக்கூடிய ஒரு மொழிச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். “அறிக்கை இன்னும் முடியவில்லையா?” என்று தமிழில் கேட்டால், “ஆமாம், முடியவில்லை” என்கிறோம்; கேட்டவர் நினைத்தது சரி என்பதற்காக அந்த ஆமாம். ஜப்பானியரும் அப்படியே ‘ஹாய்’, அதாவது ஆமாம் என்று தொடங்கி, முடியவில்லை என்று முடிப்பார்கள். ஆங்கிலத்திலோ அதே கேள்விக்கு ‘நோ’ என்றுதான் தொடங்க வேண்டும். லீட்ஸில் முதல் மாதத்தில் மேலாளர் இப்படிக் கேட்டபோது, நான் ‘யெஸ்’ என்று மட்டும் சொல்லிவிட்டு என் இருக்கைக்குத் திரும்பிவிட்டேன். வேலை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்ட அவர், வாடிக்கையாளருக்கு அப்படியே எழுதிவிட்டார். அயர்லாந்தில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஐரிஷ் மொழியில் ஆம், இல்லை என்பவற்றுக்குத் தனிச்சொற்களே கிடையாது. கேள்வியில் வந்த வினையையே பதிலில் திருப்பிச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் அவர்கள் பேசும் ஆங்கிலத்திலும் தங்கிவிட்டதால், முடித்தாயா என்றால் ‘ஐ டிட்’ என்றும், வருவாயா என்றால் ‘ஐ வில்’ என்றும் பதில் வரும். “வந்தாயா?” “வந்தேன்” என்று பேசி வளர்ந்த நமக்கு இது சொந்த வீட்டுப் பழக்கம் போன்றது. ஆகவே எந்த ஊரிலும் ஆம், இல்லை என்பதோடு நிறுத்தாமல் வினையைச் சேர்த்தே பதில் சொல்லுங்கள்.

இனி பிரிட்டன். இங்கே எதையும் ஒரு படி குறைத்துச் சொல்வது மரியாதை. 1982 ஜூன் 24 அன்று ஜாவாத் தீவுக்கருகே எரிமலைச் சாம்பலில் சிக்கிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் நான்கு இயந்திரங்களும் நின்றுபோயின. தலைமை விமானி எரிக் மூடி பயணிகளிடம், நமக்கு ஒரு சிறிய பிரச்சினை, நான்கு இயந்திரங்களும் நின்றுவிட்டன என்று அறிவித்து, உங்களுக்கு அதிகச் சங்கடம் இல்லை என்று நம்புகிறேன் என்று முடித்தார். பிறகு இயந்திரங்கள் உயிர்பெற்று, விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது. ‘சிறிய பிரச்சினை’ என்ற சொல்லை உங்கள் மேலாளர் எப்போதாவது பயன்படுத்தினால் இந்த விமானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ‘நாட் பேட்’ என்பது நல்ல பாராட்டு. ‘க்வைட் குட்’ என்பது பல நேரங்களில் சுமார் என்பதன் நாகரிக வடிவம். ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று ஒருவர் தொடங்கினால் உங்கள் கருத்தை அவர் ஏற்கவில்லை; ‘ஐ வில் பேர் இட் இன் மைண்ட்’ என்றால் உங்கள் யோசனை அத்துடன் முடிந்தது.

இவற்றைவிட எனக்கு அதிகம் செலவு வைத்தது வேறொன்று. நான் எழுதிய ஆவணத்தைப் படித்த மேலாளர், “நேரம் கிடைத்தால் இதை இன்னொரு முறை பார்க்க விரும்பலாம்” என்ற பொருளில் ஒரு வரி எழுதியிருந்தார். நேரம் கிடைக்கவில்லை, விருப்பமும் இல்லை, ஆகவே நான் பார்க்கவில்லை. அது கட்டளை என்பது ஆண்டிறுதி மதிப்பீட்டில்தான் தெரிந்தது. பிரிட்டனில் மேலதிகாரி உங்களை ஏவுவதுபோல் தெரியக் கூடாது என்று பார்த்துக்கொள்கிறார். அவர் காப்பது உங்கள் தனியிடத்தை. எதற்கெடுத்தாலும் ‘சாரி’ சொல்வதும், வரிசையில் இடித்துக்கொண்டு நிற்காததும், முன்பின் தெரியாதவரிடம் வானிலையை மட்டும் பேசுவதும் அதே வேரில் கிளைத்தவை. சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் குழந்தை இல்லை என்றெல்லாம் நாம் அக்கறையோடு கேட்பது அங்கே வேலி தாண்டுவதாகிவிடும். ‘ஆர் யூ ஆல் ரைட்?’ என்பது வணக்கம் மட்டுமே; முதுகுவலியை விவரிக்கத் தொடங்க வேண்டாம். ‘ஒருநாள் வீட்டுக்கு வர வேண்டும்’ என்பதும் தேதி குறிக்கப்படும்வரை அழைப்பாகாது. அலுவலகத்தில் தேநீர் போட எழுந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் வேண்டுமா என்று கேளுங்கள். தனக்கு மட்டும் போட்டுக்கொள்பவரை யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள். இவ்வளவும் சொன்னாலும், லீட்ஸ் இருக்கும் வட இங்கிலாந்துப் பகுதியான யார்க்‌ஷயர்க்காரர்கள் தென்பகுதியினரைவிட வெளிப்படையாகப் பேசுபவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். கடைக்கார அம்மாக்கள் என்னை ‘லவ்’ என்று விளித்ததற்குப் பழகவே எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று.

அயர்லாந்துக்குப் போகிறவர்கள் முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: அது பிரிட்டன் அன்று. 1922இல் தனி நாடாகப் பிரிந்தது. நாணயம் யூரோ, விசா வேறு, நினைவுகள் வேறு. கார்க்கில் நின்றுகொண்டு லண்டனை ‘தலைநகர்’ என்று வாய்தவறிச் சொன்ன நண்பருக்கு அன்று மதியச் சாப்பாடு முழுவதும் கிண்டல்தான் கிடைத்தது, அதுவும் அவர்கள் நல்லவர்களாக இருந்ததால். பிரிட்டனுடனேயே தங்கிவிட்ட வடக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தால் இன்னும் கவனம் தேவை. அங்கே பிறந்தவர்கள் தம்மை ஐரிஷ் என்றோ பிரிட்டிஷ் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளும் உரிமையை 1998 பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவர்களே சொல்லும்வரை நீங்கள் எதையும் ஊகிக்க வேண்டாம்.

ஐரிஷ்காரர்கள் நிறையப் பேசுவார்கள். பேருந்திலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்வார்கள். தொலைபேசியை வைக்குமுன் நாலைந்து ‘பை’ சொல்வார்கள். இந்தப் பேச்சுப் பெருக்கைப் பார்த்து, இவர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ‘கிராண்ட்’ என்ற ஒரே சொல் அருமை என்பதிலிருந்து போதும், விட்டுவிடு என்பது வரை எதையும் குறிக்கும். ஏற்ற இறக்கத்தோடு ‘ஐ வில், யெஹ்’ என்றால் செய்யமாட்டேன் என்று பொருள். மேலே நான் சொன்ன ‘ஐ வில்’ உடன் இதைக் குழப்பிக்கொள்ளாமல் தொனியைக் கேளுங்கள். அவர்கள் காப்பது சமநிலையை. ஒருவர் மற்றவருக்கு மேலே நிற்பதுபோல் தெரிவது அவர்களுக்குப் பிடிக்காது. தன்னைப் பெரிதாக நினைத்துக்கொள்பவருக்கு ‘நோஷன்ஸ்’ வந்துவிட்டது என்று ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுவார்கள். நாம் ‘சார்’ என்று அழைத்தால் மேலாளர் நெளிவார், முதற்பெயரே போதும். உங்களைக் கேலி செய்தால் கோபப்பட வேண்டாம், அவர்கள் வழக்கில் ‘ஸ்லாகிங்’ எனப்படும் அது, பெரும்பாலும் உங்களைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டதன் அடையாளம். நமக்கு இது எளிதில் வராது. நம் அலுவலகங்களில் கேலி மேலிருந்து கீழேதான் பாயும், அங்கே எல்லாத் திசையிலும் பாய்கிறது.

தேநீர் விஷயத்தில் மட்டும் அவர்கள் நம் ஆட்கள். வீட்டுக்கு வந்தவர் “வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன்” என்பார். வீட்டுக்காரர் மறுபடி கேட்பார். மூன்றாம் முறை கோப்பை கைக்கு வந்துவிடும். இதே நாடகத்தை லீட்ஸில் ஆடிய நான் பசியோடு வீடு திரும்பியிருக்கிறேன், ஏனென்றால் அங்கே ஒருமுறை வேண்டாம் என்றால் அதை மதித்து விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று சாவு வீடு. உடன் வேலை செய்பவரின் தந்தையோ தாயோ இறந்துவிட்டால், அவரை நீங்கள் பார்த்ததே இல்லை என்றாலும் போய்த் தலைகாட்டுவது அயர்லாந்தில் வழக்கம். இறப்புச் செய்தி உள்ளூர் வானொலியில்கூட வரும். அடக்கம் பெரும்பாலும் சில நாட்களுக்குள் நடந்துவிடும். வரிசையில் நின்று குடும்பத்தாரின் கையைப் பற்றி ‘சாரி ஃபார் யுவர் ட்ரபிள்’ என்று மட்டும் சொன்னால் போதும். நான் முதன்முறை போனபோது, துக்கம் கேட்கத் தெரிந்த மனிதன் என்பதாலோ என்னவோ, அடுத்த வாரத்திலிருந்து அலுவலகத்தில் என்னிடம் பேசும் முறையே மாறிவிட்டது. பிரிட்டனில் அழைப்பில்லாமல் அப்படிப் போவதற்கு முன் குடும்பத்தாரின் விருப்பத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழர்களுக்கு ஜப்பானிய மொழியின் வாக்கிய அமைப்பு எளிதாக வரும். இரண்டிலும் வினை கடைசியில் நிற்கிறது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. இலக்கணம் எளிது என்பதால் பேச்சும் புரிந்துவிடும் என்ற மிதப்பு வரும்போதுதான் அடி விழுகிறது. நீங்கள் பேசும்போது எதிரில் இருப்பவர் தலையசைத்துக்கொண்டே ‘ஹாய், ஹாய்’ என்பார். அது சம்மதம் அன்று, நாம் கதை கேட்கும்போது போடும் ‘ம்’ கொட்டல். ‘கென்தோ ஷிமாசு’, அதாவது ஆராய்ந்து பார்க்கிறோம் என்பது நம் ‘பார்க்கலாம்’ என்பதன் அண்ணன். ‘முசுகாஷீ’, கடினம் என்றால் நடக்காது. ‘சொத்தோ…’, அதாவது கொஞ்சம் என்று சொல்லி வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டால் அதுவே முழு மறுப்பு; கொஞ்சம் என்ன என்று திருப்பிக் கேட்பது அவரை மூலையில் தள்ளுவதற்குச் சமம்.

மனத்தில் உள்ளது ‘ஹோன்னே’, சபையில் சொல்வது ‘தாதெமாயே’ என்று அவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவதைப் பொய் என்று மொழிபெயர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எல்லோரும் சேர்ந்து நிற்கும் மேடை அது, யாரும் தனியாக அதிலிருந்து குதித்துவிடக் கூடாது என்பதே கவலை. சூழலின் போக்கை உணர்வதைக் ‘காற்றைப் படிப்பது’ என்பார்கள்; அது தெரியாதவரை, ‘கூகி யோமெனாய்’ (காற்றைப் படிக்கத் தெரியாதவர்) என்பதை ‘கே.ஒய்.’ என்று சுருக்கிக் கேலி செய்யும் வழக்கு 2007 வாக்கில் நாடெங்கும் பரவியது. அந்த ஆண்டில் நான் இங்கே இல்லை என்றாலும், வந்த முதல் ஆண்டில் அந்தப் பட்டத்துக்கு முழுத் தகுதியோடு இருந்தேன். ஒரு கூட்டத்தில் யாரும் கேளாத ஒரு நல்ல மாற்று யோசனையை எழுந்து சொன்னேன். பதிலுக்கு நீண்ட மௌனம். அதை நிரப்புவதற்காக இன்னும் பத்து நிமிடம் பேசினேன். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி முடிவு எட்டப்பட்டிருந்தது என்பதும், கூட்டம் அதற்கு முத்திரை குத்துவதற்காக மட்டுமே என்பதும் பிறகு தெரிந்தது. ‘நெமவாஷி’ என்று இதற்குப் பெயர்; மரத்தை இடம் மாற்றி நடுமுன் வேர்களைச் சுற்றிப் பக்குவம் செய்யும் தோட்ட வேலையிலிருந்து வந்த சொல். இப்போது எனக்கு ஏதாவது தோன்றினால் இரண்டு வாரம் முன்பே தேநீர் இயந்திரத்தருகே வேர்களைத் தோண்டத் தொடங்கிவிடுகிறேன்.

மரியாதைச் சொற்களில் நமக்கு ஒரு தனிப் பள்ளம் காத்திருக்கிறது. தமிழில் மேலாளரைப் பற்றி யாரிடம் பேசினாலும் ‘அவர்’தான். ஜப்பானில் வெளி நிறுவனத்தாரிடம் பேசும்போது, உங்கள் தலைவரின் பெயரை, பெயருக்குப் பின் வரும் மரியாதை ஒட்டான ‘சான்’ இல்லாமல் மொட்டையாகச் சொல்லி, அவரைத் தாழ்த்தும் வினைவடிவத்தில்தான் பேச வேண்டும். அந்த நேரத்தில் அவர் ‘உள்’, கேட்பவர் ‘வெளி’. எனக்கு இது நாக்கில் வரவே ஓராண்டு பிடித்தது, உள்ளூர ஏதோ துரோகம் செய்வதுபோல் இருந்தது. குடியிருப்பைப் பொறுத்தவரை, டோக்கியோவின் எடோகாவா வார்டின் நிஷிகாசாய்ப் பகுதியில் நம் நாட்டவர் நிறையப் பேர் இருப்பதால் புளியும் பருப்பும் கிடைத்துவிடும். ஆனால் குப்பையைப் பிரித்து உரிய நாளில் வைப்பது, குடிபுகுந்ததும் பக்கத்து வீட்டாருக்கு ஒரு துண்டோ பிஸ்கட் பெட்டியோ கொடுத்து அறிமுகம் செய்துகொள்வது, ரயிலில் தொலைபேசியில் பேசாதிருப்பது ஆகிய மூன்றையும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

பதில் என்னவென்று உண்மையிலேயே புரியாதபோது, ஊருக்கேற்றபடி கேட்க வேண்டும். பிரிட்டனில் கூட்டம் முடிந்ததும், நான் புரிந்துகொண்டது சரிதானா என்று மூன்று வரி மின்னஞ்சல் அனுப்பினால் மேலாளர் தன் கட்டளையைக் கட்டளை என்று ஒப்புக்கொள்வார். அயர்லாந்தில் மின்னஞ்சலை நம்பாமல் நேரில் போய், குடும்ப நலம் விசாரித்து, கிளம்பும் சாக்கில் கேளுங்கள். கதவருகே வரும் பதில்தான் உண்மையான பதில். ஜப்பானில் முடியுமா முடியாதா என்று கேட்கவே கேட்காதீர்கள். எந்தத் தேதிக்குள் தெரிவிக்க இயலும் என்று மட்டும் பணிவாகக் கேளுங்கள். தேதி சொன்னால் நம்பிக்கை உண்டு. அவர் தலையைச் சற்றுச் சாய்த்துப் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த நிறுவனத்தைத் தேடத் தொடங்கலாம்.